மண் எடுத்தலும் மண் சோதித்தலும்

நிலத்தின் தன்மையறிந்து எருவிட வேண்டும் என்பதை மறுப்பவர் கொங்கு நாட்டில் ஒருவரும் இலர். ஆயினும் அத்தன்மையை அறிவதற்குரிய வழி யாது, அவ்வழியே கிடைத்த விடையை எந்த அளவுக்கு நம்பி உரம் வாங்கலாம் என்னும் கேள்விகளைப் பற்றி நிலமுடையோரிடையே தெளிவான கருத்து இன்னும் ஏற்படவில்லை. 2015-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இந்திய சர்க்கார் மண்வள அட்டைத் திட்டத்தை ஆரம்பித்தது முதல், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களிலுள்ள தோட்டத்துச் சாளைகள் பலவற்றில் அவ்வட்டை வந்து சேர்ந்திருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்பின் அளவு ஆகப் பன்னிரண்டு விஷயங்களுக்கு அதில் எண்கள் உண்டு. சிலர் அவ்வெண்களை வேதவாக்காகக் கொள்கின்றனர். வேறு சிலர் அட்டையைக் கிரயப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, உரக்கடையில் சொல்லும் கணக்கின்படியே யூரியாவும் டி.ஏ.பி.யும் வாங்கி இறைக்கின்றனர்.

அட்டையை நம்பாதவரைக் குறை கூறுமுன் ஒன்றை ஒப்புக்கொள்வது நியாயம். அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும், மானாவாரி நிலத்தில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும் எடுத்தால் போதும். அதாவது ஆறேகால் ஏக்கர் தோட்டத்துக்கும், இருபத்தைந்து ஏக்கர் காட்டுக்கும் ஒரே பை மண். அப்பரப்புக்குள் நிலம் வைத்திருக்கும் அனைவருக்கும் ஒரே எண்கள். கொங்கு நாட்டுத் தோட்டங்களை அறிந்தவர் இதன் குறையை உடனே காண்பர். மேட்டில் செம்மண்ணும், சரிவில் சுக்கான் கல்லும், பள்ளத்தில் கருமண்ணுமாக ஒரே வேலிக்குள் மூன்று வகை நிலம் இருப்பது இங்கே சாதாரணம். பக்கத்துக் காட்டு மண்ணைச் சோதித்த விடை தன் பெயரிட்ட அட்டையில் வந்திருந்தால், அதைக் குடியானவர் ஐயுறுவதில் வியப்பில்லை. ஐயத்தின் காரணம் சோதனைச் சாலையில் இல்லை. மண் எடுத்த இடத்தில் இருக்கிறது. இவ்வேறுபாட்டை உணர்வதற்கு மண் சோதனை என்னும் வித்தை வளர்ந்த வரலாறு பெரிதும் உதவும்.

மண்ணைத் தரம் பிரிப்பது இந்நாட்டுக்குப் புதிய காரியம் அன்று. இராஜதானியில் ரயத்துவாரி செட்டில்மெண்டு நடந்தபோது, நிலம் கரிசலா, செம்மண்ணா, மணலா என்றும், அதில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்றும், கண்ணால் பார்த்தும் விரலால் தேய்த்தும் வகுத்து, ஒவ்வொரு வகையையும் உத்தமம் முதல் அதமம் வரை படிகளாக்கித் தரம் போட்டனர். அக்காலத்துத் தரக் கணக்கைக் கிராம அதிகாரிகள் நன்கு அறிவார்கள். அனுபவசாலிகள் செய்த அந்த வேலை இழிவானதன்று. ஆனால் அதன் நோக்கம் தீர்வை விதிப்பது. நிலம் எவ்வளவு கட்டும் என்று கேட்டதேயன்றி, அந்நிலத்துப் பயிருக்கு எது குறைகிறது என்று அது கேட்கவில்லை.

அவ்விரண்டாவது கேள்வியை முதன்முதல் பலமாகக் கேட்டவருள் ஜெர்மனி தேசத்து இரசாயன சாஸ்திரி லீபிக் முக்கியமானவர். 1840-இல் வெளிவந்த அவருடைய நூல், பயிரைச் சுட்ட சாம்பலில் எவ்வெவ்வுப்புகள் உண்டோ அவற்றை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தால் நிலம் சோராது என்ற எண்ணத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பிற்று. எண்ணம் பெரியது, ஆனால் அவர் தாமே செய்து விற்பனைக்கு விட்ட உரம் வயலில் பயன்படவில்லை. மழையில் கரைந்து ஓடிவிடும் என்று அஞ்சி, அதிலுள்ள சத்துக்களை உருக்கிக் கரையாத பொருளாகச் செய்திருந்தார். வேருக்கும் அது கிட்டாமற் போயிற்று. சாம்பலைச் சோதித்த கண்ணாடிக் குழல்களில் பிழையில்லை. வயலைக் கேளாமல் முடிவு செய்ததே பிழை. அதே காலத்தில், 1843-இல், இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஊரில் லாஸ் என்ற நிலச்சுவான்தாரும் கில்பர்ட் என்ற இரசாயனரும் வேறு வழியில் இறங்கினர். நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒன்றுமிடாமலும், ஒன்றுக்குத் தொழு எருவும், மற்றவற்றுக்கு ஒவ்வொரு செயற்கை உரமுமாக வருஷந்தோறும் இட்டு, விளைச்சலை நிறுத்து எழுதினர். சோதனைச் சாலை சொன்னதை வயல் ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கு இதனினும் நேரான முறை இன்றளவும் ஏற்படவில்லை.

இந்தியாவுக்கு இவ்வித்தை வந்தது சற்றுத் தாமதமாகவே. 1889-இல் இங்கிலாந்திலிருந்து வந்த வோல்க்கர் என்னும் இரசாயன நிபுணர் நாடெங்கும் சுற்றிப் பார்த்து 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். குடியானவருக்குக் கற்பிக்க வந்தவர், இந்தியக் குடியானவர் சாதாரண ஆங்கிலக் குடியானவருக்கு இளைத்தவரல்லர், சில காரியங்களில் மேலானவர் என்று எழுதிவிட்டுப் போனார். இதைப் பிற்காலத்து அதிகாரிகள் பலர் மறந்துவிட்டனர். அவருக்குப் பின், 1892-இல் இந்திய சர்க்காரின் முதல் விவசாய இரசாயனராக லெதர் என்பவர் நியமனம் பெற்றார். சைதாப்பேட்டையிலிருந்த விவசாயப் பள்ளி 1906-இல் கோயமுத்தூருக்கு மாறியபோது, அதனுடன் இரசாயனச் சோதனைச் சாலையும் கொங்கு நாட்டின் நடுவில் வந்து அமைந்தது.

ஆரம்ப காலத்து இரசாயனர் மண்ணைக் கடுமையான அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள சத்து முழுவதையும் கணக்கிட்டனர். அக்கணக்கின்படி பார்த்தால் சாமானிய நிலத்திலும் மணிச்சத்து பல பயிருக்குப் போதுமான அளவு இருக்கும். ஆயினும் அந்நிலத்தில் பயிர் சோர்ந்து நிற்கும். பெட்டகத்தில் இருக்கும் பணமும் கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணமும் ஒன்றல்லவே. பயிர் எடுக்கக்கூடிய பங்கு மட்டும் எவ்வளவு என்று அறிய, 1894-இல் டையர் என்ற ஆங்கில இரசாயனர், நூற்றுக்கு ஒரு பங்கு சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் மண்ணைக் குலுக்கிப் பார்க்கும் முறையை வெளியிட்டார். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அமிலமே அது. வேரிலுள்ள புளிப்புச் சாற்றின் வேலையை அது செய்யும் என்பது அவர் கருத்து. ராதம்ஸ்டெட் வயல்களின் மண்ணில் அம்முறை விளைச்சலோடு பொருந்திற்று.

இங்கிலாந்தில் பொருந்தியது கொங்கு நாட்டில் பொருந்துமா? இந்தப் பக்கத்து மண் பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்தது. சுக்கான் கலந்த மண்ணில் சிறிது புளிப்பு நீரை ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதை எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். சோதனைக்கு ஊற்றிய அமிலத்தைச் சுண்ணாம்பு விழுங்கிவிடுமாகையால், மணிச்சத்தைப் பற்றிக் கிடைக்கும் எண் பிசகாகும். சுண்ணாம்பு நிலங்களுக்கு ஏற்றதாக, சமையல் சோடாவின் கரைசலைக் கொண்டு மணிச்சத்தை எடுக்கும் முறையை ஓல்சன் என்ற அமெரிக்க நிபுணரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டது 1954-இல். கோயமுத்தூர் மண்ணுக்கு இம்முறை தகும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையேறி நீலகிரிக்குச் சென்றால் மண் புளிப்பு. அங்கே 1945-இல் வந்த பிரேயின் அமில முறையே தகும். முப்பது மைல் தூரத்துக்குள் முறை மாற வேண்டியிருக்கிறது. ஆகவே அட்டையில் மணிச்சத்து இவ்வளவு என்று கண்டால், எம்முறையில் கண்ட எண் என்று கேட்கக் குடியானவருக்கு உரிமை உண்டு. கேட்பவரைக் கண்டு சோதனைச் சாலையார் முகஞ்சுளிக்கலாகாது.

மற்ற முறைகளுக்கும் இவ்வாறே பிறந்த ஊரும் காரணமும் உண்டு. தழைச்சத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து அளக்கும் முறையை 1883-இல் கண்டவர் கெல்டால். கார அமில நிலையைக் குறிக்கும் பி.எச். என்னும் அளவையை 1909-இல் வகுத்தவர் சோரன்சன். இருவரும் வேலை செய்தது டென்மார்க்கு தேசத்தில் பீர் காய்ச்சும் கார்ல்ஸ்பர்க் தொழிற்சாலையின் சோதனைச் சாலையில். மதுவிலக்குப் பேசும் ஊர்களிலும் அட்டையின் ஒரு வரி சாராய வாணிபத்துக்குக் கடன்பட்டிருப்பது வேடிக்கையே. பயிருக்குக் கிட்டும் தழைச்சத்தைப் பெர்மாங்கனேட்டு உப்பினால் விரைவில் அறியும் முறையை 1956-இல் டில்லியில் சுப்பையா, அசிஜா என்ற இருவர் வெளியிட்டனர். இந்தியச் சோதனைச் சாலைகளில் இன்றும் அதுவே பெருவழக்கு.

இத்தனை முறைகளையும் நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று கோயமுத்தூரில் இருக்கிறது என்பதைப் பக்கத்து ஊராரே பலர் அறியார். ராதம்ஸ்டெட்டைப் பின்பற்றி 1909-இல் இங்கே நிரந்தர எருப் பரிசோதனை தொடங்கிற்று. ஒன்றுமே இடாத துண்டு, தழைச்சத்து மட்டும் இடும் துண்டு, மணிச்சத்து மட்டும் இடும் துண்டு, சாம்பல்சத்து மட்டும் இடும் துண்டு, இவற்றை இரண்டிரண்டாகவும் மூன்றும் சேர்த்தும் இடும் துண்டுகள், மாட்டெரு இடும் துண்டு என்று வகுத்து, அதே துண்டுக்கு அதே எருவாகத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றனர். 1925-இல் புதிய வரிசை ஒன்றும் அதனோடு சேர்ந்தது. கல்லூரி 1971-இல் பல்கலைக்கழகத்தின் அங்கமான பின்னும் அவ்வேலை தொடர்ந்தது. ஒரு வருஷத்து மழையையோ ஒரு நல்ல விதையையோ கண்டு ஏமாறாத சாட்சி அந்நிலம். நகரம் நாற்புறமும் பரவி நிலத்தின் விலை ஏறும் காலத்தில், அத்துண்டுகளை வெறும் மனையாக மதிக்கும் எண்ணம் எவருக்கும் வராதிருக்க வேண்டும். ஒருமுறை கலைந்தால், இன்னொரு நூறு வருஷம் காத்திருந்தாலன்றி அதை மீண்டும் பெற இயலாது.

அத்துண்டுகளில் விளைந்த தானியத்தைக் கொண்டு ஒரு விசேஷ விசாரணையும் நடந்தது. குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் மெக்காரிசனும், கோயமுத்தூர் இரசாயனர் விசுவநாத்தும் சேர்ந்து, வெவ்வேறு எருவிட்டு விளைவித்த ராகியையும் கோதுமையையும் பிராணிகளுக்கு ஊட்டிப் பார்த்து, மாட்டெருவில் விளைந்த தானியம் போஷணையில் உயர்ந்தது என்று 1926-இல் வெளியிட்டனர். பிறர் பிற தேசங்களில் பின்னர்ச் செய்த சோதனைகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் மண்ணை ஆராய்வது மூட்டைக் கணக்கோடு முடிவதில்லை, உண்பவர் உடல்வரை செல்கிறது என்று எண்ணிய துணிவு பாராட்டத்தக்கது. இதற்கும் முன்பே, 1913 முதல், ஹாரிசன் என்பவரும் சுப்பிரமணிய ஐயரும் நெல் வயலின் சேற்றிலிருந்து எழும் குமிழிகளைப் பிடித்துச் சோதித்து, அவை பெரும்பாலும் மீதேன், நைட்ரஜன் ஆகிய வாயுக்களே என்று கண்டனர். இன்று உலகெங்கும் பேசப்படும் அவ்வாயுவைப் பற்றிக் கோயமுத்தூரில் அப்போதே அளந்து எழுதியிருக்கின்றனர்.

சோதனைச் சாலையின் எண்ணை விளைச்சலோடு பொருத்தும் காரியத்தில் பிற்காலத்து முக்கியமான படி, 1967-இல் இராமமூர்த்தி என்பவரும் அவர் கூட்டாளிகளும் டில்லியில் காட்டிய இலக்கு முறை. ஏக்கருக்கு இத்தனை மூட்டை வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்குப் பயிர் எடுக்கும் சத்து, மண் கொடுக்கும் சத்து, இடும் உரத்தில் பயிருக்குச் சேரும் பங்கு மூன்றையும் கணக்கிட்டு உரத்தின் அளவைச் சொல்வது அம்முறை. கோயமுத்தூர் மையத்திலும் பல பயிர்களுக்கு அவ்வாறு கணக்குகள் வகுத்திருக்கின்றனர். பொதுச் சிபாரிசைவிட இது மேலானது. ஆனால் மண் கொடுக்கும் சத்து என்ற எண் பொய்யானால், அதன்மேல் கட்டிய கணக்கு முழுவதும் பொய்யாகும்.

இங்கேதான் மண்வெட்டி பிடிப்பவரின் பொறுப்பு வருகிறது. ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் சுமார் 9 இலட்சம் கிலோ எடையுள்ளது. சோதனைச் சாலைக்குச் செல்வது அரைக்கிலோ. அங்கே அங்ககக் கரிமத்தை அறிய எடுப்பது ஒரு கிராம் அல்லது அதிலும் குறைவு. தராசு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிசகாமல் காட்டும். ஆனால் அந்த ஒரு கிராம் எருக்குழி ஓரத்து மண்ணாயிருந்தால் தராசு என்ன செய்யும்? வரப்பு, வாய்க்கால், மரநிழல், சாளை வாசல், எருக்குவியல், சென்ற மாதம் ஆட்டுப்பட்டி போட்ட இடம் ஆகியவற்றை நீக்க வேண்டும். பாதையோரத்தில் வண்டியை நிறுத்தி ஒரே குழியில் ஒரு பை நிரப்புவது சோதனையாகாது. மேற்சருகை ஒதுக்கி, ஆங்கில வி எழுத்துப்போல் அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுத்து, இவ்வாறு பத்துப் பதினைந்து இடங்களில் சேர்த்து, நன்கு கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி நீக்கி அரைக்கிலோவுக்குக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்ட வேண்டும். உரச் சாக்கில் கட்டினால் அதன் ஒட்டு மிச்சமே சோதனையில் தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைக்கு ஒரு அடி, இரண்டடி, மூன்றடி ஆழத்து மண் தனித்தனியே வேண்டும். செம்மண்ணும் கருமண்ணும் ஒரே தோட்டத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் கலப்பது, இரண்டு நோயாளிகளின் நாடியைச் சேர்த்துப் பார்ப்பது போலாம்.

கிணற்று நீருக்கும் இதே கவனம் தகும். பருப்பு வேகாத தண்ணீர் என்று பெண்கள் அடுப்பில் கண்டறிவது உண்மையான சோதனையே. ஆயினும் உப்பு எவ்வளவு, வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதா என்பதை அடுப்பு சொல்லாது. மின் கடத்தும் திறன் 1 என்று குறிக்கப்பட்ட நீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்புண்டு. அந்நீரை ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் ஒரே தண்ணீரில் ஏறத்தாழ 130 கிலோ உப்பு நிலத்தில் இறங்குகிறது. நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டு, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குளமானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அப்பக்கத்தார் மறந்திரார். அத்தகைய வழக்கில், தன் கிணறு முன்னர் இனித்தது என்று சொல்லும் குடியானவரின் வாய்ச்சொல்லைவிட, பத்து வருஷத்துக்கு முன் தேதியிட்டு வாங்கி வைத்த ஒரு சோதனைச் சீட்டு வலிமையுடையது.

கிராம அதிகாரிகள் இதில் செய்யக்கூடியது அதிகம். மாதிரி எடுத்த சர்வே எண், உட்பிரிவு, தேதி, மண் எடுத்தவர் பெயர், முந்தின பயிர், அதற்கு இட்ட எரு ஆகிய ஆறு விவரமும் அடங்கலைப் போல ஒரு பதிவேட்டில் ஏறினால், ஊரில் எந்த அட்டை யார் நிலத்து மண்ணால் வந்தது என்ற வாதம் எழாது. தன் மண்ணைத் தானே எடுத்து அனுப்ப விரும்பும் நிலமுடையோர் கோடையில், ஆடிப் பட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்புவது நலம். உழவு தொடங்கிய பின் வரும் விடையால் பயனில்லை. ஐயமுள்ளவர் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். நன்கு கலந்த ஒரே மண்ணை இரண்டு பைகளாகக் கட்டி, இரண்டு எண்களிட்டு அனுப்ப வேண்டும். சோதனைச் சாலையாரும் விடை தெரிந்த மண்ணை மற்ற மாதிரிகளுக்கு நடுவே வைத்துத் தம் வேலையைத் தாமே சோதித்துக்கொள்வது வழக்கமாகையால், குடியானவர் அவ்வாறு செய்வதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து உரக்கடைக்குக் கொண்டு செல்லலாம். வெகுவாக வேறுபட்டால், இரண்டு சீட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு சோதனைச் சாலைக்கே சென்று கேட்பது முறை.